கச்சான் ஒவ்வாமைக்கு நாக்கின் கீழ்த் துளிமருந்து: தொடங்குவதற்கு முன் ஒரு வழிகாட்டி

மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து வரும்போது கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் மட்டக்களப்பில் குறைவு. எங்கள் வீட்டில் நாங்கள் வாங்குவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, கடைக்காரர் அன்பாக நீட்டிய ஒரு துண்டுக் கச்சான் அல்வாவைக் கடித்தான். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, இரண்டு தரம் சத்தியெடுத்தான், பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருந்தகத்தில் அரிப்பை அடக்கும் பிரிட்டோன் பாணி கொடுத்து "கொஞ்சம் இருந்து பாருங்கோ" என்றார்கள். இருந்து பார்த்த அந்த இருபது நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை பிள்ளையாக வந்தான்.

போன வருடம் கனடாவில் இருக்கிற மச்சாள் குரல்பதிவு அனுப்பினாள். "இங்க நாக்குக்குக் கீழ துளி விட்டுப் பழக்குறாங்க, ஊசியும் இல்ல, ஒண்டும் இல்ல, நீங்களும் செய்யுங்கோவன்." அதைக் கேட்டு நான் வாசித்ததையும், இங்கே டொக்டர்மாரிடம் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, ஒரு தாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளிமருந்து, உணவு ஒவ்வாமைக்கு இருக்கிற பழக்கும் சிகிச்சைகளில் சாதுவானது. ஆனால் அதைச் சாதுவாக்குவது துளியைச் சுற்றி நடக்கிற ஏற்பாடுகள். அந்த ஏற்பாடுகள் இல்லாமல் துளியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் கச்சான்தான்.

இது என்ன செய்கிறது

ஒவ்வாத உணவின் புரதத்தை மிக நுண்ணிய அளவில் கரைத்து, நாக்கின் கீழே விட்டு, இரண்டு நிமிடம் அளவில் வைத்திருந்து, பிறகு விழுங்குவது. ஒவ்வொரு நாளும், வருடக் கணக்கில். உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாகப் பார்ப்பதைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதுதான் நோக்கம்.

அளவைக் கவனியுங்கள், பாதுகாப்பின் பாதி அதில் இருக்கிறது. ஒரு கச்சான் பருப்பில் கிட்டத்தட்ட 250 மில்லிகிராம் புரதம் உண்டு. துளிச் சிகிச்சையின் உச்ச அளவு, அதாவது மாதக் கணக்காக ஏற்றி வந்து நிறுத்துகிற அளவு, ஆய்வுகளில் 2 அல்லது 4 மில்லிகிராம்தான். 4 என்றாலும் ஒரு பருப்பில் அறுபதில் ஒரு பங்குதான். விழுங்கிப் பழக்குகிற மற்ற முறையில் தினசரி அளவு 300 மில்லிகிராமுக்கோ அதற்கு மேலோ போகிறது. மற்றப் பாதி வாயின் அமைப்பில் இருக்கிறது. நாக்கின் கீழுள்ள மென்சவ்வில், வந்த பொருளை நோய் எதிர்ப்புத் தொகுதிக்கு எடுத்துச் சென்று காட்டுகிற கலங்கள் நிறைய உண்டு. ஒவ்வாமையின்போது ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிற மாஸ்ட் கலங்கள் அங்கே குறைவு.

இது நோயை மாற்றிவிடுகிற மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். தெரியாமல் ஒரு பருப்பு வாய்க்குள் போனால் உயிர் ஆபத்து வராத அளவுக்குத் தாங்கும் எல்லையை உயர்த்துவதுதான் இதன் முதல் வேலை.

எவ்வளவு பாதுகாப்பு? எண்களில்

அமெரிக்காவின் வட கரோலினாவில் 48 பிள்ளைகளுக்கு நாளுக்கு 2 மில்லிகிராம் கச்சான் புரதம் ஐந்து வருடம் வரை கொடுத்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கொடுத்த அளவுகளில் 4.8 வீதத்துக்குத்தான் ஏதாவது பக்கவிளைவு பதிவானது. பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் சிறிது நேரம் அரிப்பு. அட்ரினலின் யாருக்கும் தேவைப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் கடைசியில் 750 மில்லிகிராமோ அதற்கு மேலோ தாங்கினார்கள். அது மூன்று பருப்பு.

அதே பகுதியில் 1 முதல் 4 வயது வரையான 50 குழந்தைகளுக்கு மூன்று வருடம் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வு உண்டு. மருந்து பெற்றவர்களில் நடுவில் நிற்கும் பிள்ளை 4443 மில்லிகிராம் தாங்கியது. மருந்தில்லாத போலித்துளி பெற்றவர்களில் அது 143தான். சிறு வயதில் தொடங்கினால் பலன் கூடுதல் என்று வைத்தியர்கள் சொல்வதற்குப் பின்னால் இப்படியான எண்கள்தான் இருக்கின்றன.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், விழுங்கிப் பழக்க ஆபத்துக் கூடுதல் என்று கருதப்பட்ட 4 முதல் 18 வயது வரையான 188 பேருக்கு முதலில் துளியில் தொடங்கினார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிறு அறிகுறிகள்தான். ஆனால் நான்கு பேருக்கு அட்ரினலின் கொடுக்க வேண்டி வந்தது. மச்சாளின் குரல்பதிவில் இந்த நான்கு பேர் இல்லை. நான் பிடித்துக்கொண்டது அந்த நாலைத்தான். 188இல் 4 என்பது சிறிய எண், சரி. ஆனால் அந்த நால்வரும் அட்ரினலினும் அதைக் கொடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிற இடத்தில் இருந்தார்கள்.

சாதுவான மருந்துக்கு ஒரு விலையும் உண்டு. பால் ஒவ்வாமை உள்ள 30 பிள்ளைகளில் துளியையும் விழுங்கும் முறையையும் ஒப்பிட்ட 2012 ஆய்வில், விழுங்கும் முறைதான் கூடுதல் பலன் தந்தது. உடம்பு முழுவதையும் பாதிக்கும் எதிர்விளைவுகளும் அதில்தான் கூடுதல்.

முதலாம் படி: இது உண்மையில் ஒவ்வாமைதானா?

எங்கள் கரையோர மக்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சூரை சாப்பிட்டு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடித்தால் உடனே "எனக்கு மீன் ஒவ்வாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சூரை, கெளவல்லை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் கிருமிகள் அதில் ஹிஸ்டமினை உண்டாக்கும். சமைத்தாலும் அது அழியாது. அந்த மீனைத் தின்ற நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் பெரும்பாலும் அது மீனின் பழுது, ஆளின் ஒவ்வாமை அல்ல. பால் குடித்தால் வயிறு ஊதுவதும் பல நேரம் வேறு காரணத்தால்தான்.

ஆகவே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது, அன்று ஓடி விளையாடினானா, காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்தில் அடங்கியது. அடுத்த தரம் நடந்தால், முடிந்தால் தடிப்பைப் படம் எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு இரத்தப் பரிசோதனையை விட இந்தக் கொப்பி பெறுமதியானது. தோல் பரிசோதனையிலோ இரத்தத்திலோ "பொசிட்டிவ்" என்று வருவது மட்டும் ஒவ்வாமை ஆகாது. அந்த உணவைத் தினமும் சுகமாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கும் பொசிட்டிவ் வரலாம்.

போகும் வழி: உங்கள் பகுதி ஆஸ்பத்திரிச் சிறுவர் கிளினிக்கில் தொடங்குங்கள். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, அக்கரைப்பற்று. அங்கிருந்து தேவைப்பட்டால் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோய் எதிர்ப்பியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். இரவு ரயிலில் போய் வரலாம். பரிசோதனைக்கு முன் எந்தக் குளிசையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பிரிட்டோன் குடித்துவிட்டுத் தோல் பரிசோதனைக்குப் போனால் போன ரயில் செலவு வீண்.

இரண்டாம் படி: யாருக்கு இது சரிவராது

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) கட்டுப்பாட்டில் இல்லாத பிள்ளைக்குத் தொடங்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கடுமையான ஒவ்வாமையில் உயிரை எடுப்பது பல நேரம் சுவாசப்பாதைதான். கட்டுப்படாத முட்டு உள்ளவருக்கு அந்த வழி ஏற்கெனவே பாதி அடைத்திருக்கிறது. "மழை நாளில் மட்டும்தான் இழுக்கும்" என்று சொல்லி மறைக்காதீர்கள். மார்கழி மழையில் மாதம் முழுக்க இழுக்கிற பிள்ளை கட்டுப்பாட்டில் இருக்கிற பிள்ளை இல்லை.

உணவு தொண்டையில் இறங்கக் கஷ்டப்படுகிற, அடிக்கடி சிக்குகிற, காரணமில்லாமல் நெடுநாள் சத்தியெடுக்கிறவர்களுக்கு உணவுக்குழாய் அழற்சி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிரஷருக்கு பீட்டா தடுப்பு மருந்து குடிக்கிற பெரியவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த மருந்து உடம்பில் இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கர்ப்பகாலத்தில் புதிதாகத் தொடங்குவதில்லை.

மூன்றாம் படி: துளிக்கு முன் ஊசி

அட்ரினலின் கையில் இல்லாமல் முதல் துளி வேண்டாம். தானாகக் குத்தும் பேனா கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அம்பூலும் (ஊசிமருந்துக் குப்பி) சிரிஞ்சும் வைத்திருக்கலாமா என்பதை உங்கள் வைத்தியர்தான் முடிவு செய்து, உங்கள் கையாலேயே பழக்கிவிட வேண்டும். கணக்கு இது: நிறையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் உள்ள அம்பூலில், 20 கிலோப் பிள்ளைக்கு 0.2 மில்லிலீற்றர். குத்தும் இடம் தொடையின் நடுப்பகுதி, வெளிப்பக்கம், தசைக்குள். பிள்ளையின் நிறை கூடும்போது அளவும் மாறும், அளவை எழுதி வீட்டில் ஒட்டிய தாளையும் மாற்றுங்கள்.

பிரிட்டோனைப் பற்றி ஒரு வார்த்தை. அது தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். அடைக்கிற மூச்சைத் திறக்காது, விழுகிற பிரஷரைத் தூக்காது. எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம்.

நான்காம் படி: மருந்து எங்கிருந்து வருகிறது

புல் மகரந்தத்துக்கும் வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் நாக்கின் கீழ் வைக்கிற குளிசைகள் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றவை. உணவுக்கு அப்படி அங்கீகாரம் பெற்ற துளியோ குளிசையோ அங்கே இல்லை. 2020இல் அங்கீகாரம் பெற்ற கச்சான் மருந்து விழுங்குகிற தூள், இது அல்ல. ஆகவே பெரும்பாலான இடங்களில், ஒரு வைத்தியர் தன் பொறுப்பில் தயாரித்து அல்லது தயாரிப்பித்துக் கொடுப்பதுதான். எங்கள் பக்கத்து அரச கிளினிக்கில் துண்டு எடுத்தவுடன் கிடைக்கிற சிகிச்சையும் இல்லை. யாராவது கொடுக்க முன்வந்தால் இவற்றைக் கேளுங்கள்: ஒரு துளியில் எத்தனை மைக்ரோகிராம் புரதம்? அதை எப்படி அளந்தார்கள்? போத்தலுக்குப் போத்தல் அந்த அளவு மாறாதா? இதற்கு முன் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், யாருக்காவது அட்ரினலின் போட வேண்டி வந்ததா? இரவு பதினொரு மணிக்கு ஏதும் நடந்தால் யாருக்கு எடுப்பது? பதில் இல்லாத கேள்வி ஒன்று இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

வெளிநாட்டுச் சொந்தம் பார்சலில் அனுப்புகிற போத்தலை வாங்காதீர்கள். இவ்வகைக் கரைசல்களைப் பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பார்சல் கிடந்த கதையை யாரும் லேபிளில் எழுதுவதில்லை.

வீட்டிலேயே கரைக்கலாமா?

எங்கள் மாமி கேட்ட கேள்வி இது. "கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினா எல்லாம் பழகும் மகள்" என்றார். மாமியின் யோசனை பிழையில்லை, இந்தச் சிகிச்சையின் அடிப்படையே அதுதான். பிழை "கொஞ்சம்" என்ற சொல்லில்.

ஆய்வுகளில் தொடக்கத் துளி மைக்ரோகிராமில் எண்ணப்படுகிறது. ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்ரோகிராம். வீட்டில் இடித்த கச்சானைக் கால் தேக்கரண்டி எடுங்கள். அரைக் கிராமாவது இருக்கும். கச்சானில் நாலில் ஒரு பங்கு புரதம், ஆகவே நூறு மில்லிகிராமுக்கு மேல். அதாவது ஓர் இலட்சம் மைக்ரோகிராம். கண்ணுக்கு அது ஒரு சிட்டிகை. தண்ணீரில் கலக்கினால் இன்னும் மோசம்: எண்ணெய் மேலே மிதக்கும், தூள் அடியில் தங்கும், முதல் நாள் துளியில் ஒன்றுமே இருக்காது, ஐந்தாம் நாள் அடி மண்டி வரும். நான்கு நாள் சுகமாக இருந்ததை நம்பி ஐந்தாம் நாள் கொடுப்போம்.

"கனடாவில் கடைச் சாமானைக் கரைத்துத்தான் கொடுக்கிறார்களாம்" என்றும் கேள்விப்படுவீர்கள். அங்கே தொடக்க அளவையும் ஏற்றும் கணக்கையும் ஒவ்வாமை வைத்தியர் போட்டுக் கொடுத்து, முதல் அளவுகள் அவருடைய குழுவின் மேற்பார்வையில் நடக்கின்றன. சாமான் மலிவானது, அந்தக் கணக்கு மலிவானது இல்லை.

ஐந்தாம் படி: முதல் துளிகளும் ஏற்றும் துளிகளும்

முதல் துளியும், அளவு ஏறும் ஒவ்வொரு துளியும் வைத்தியர் முன்னால்தான். போட்டபின் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழும்ப வேண்டாம். கிளினிக் நாளில் பிள்ளை சுகமாக இருக்க வேண்டும், முட்டு இருக்கக் கூடாது, வாயில் புண் இருக்கக் கூடாது.

ஆறாம் படி: வீட்டில் தினமும்

ஒரே நேரம், ஒரு பெரியவர் பக்கத்தில். இரண்டு நிமிடத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். விழுங்கிய பின் ஐந்து நிமிடம் சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் கொடுக்காதீர்கள், நித்திரையில் வருகிற மூச்சுத் திணறலை யார் பார்ப்பது? கொடுத்தபின் இரண்டு மணி நேரம் பந்தடி, ஓட்டம், சுடுதண்ணீர்க் குளிப்பு இல்லாமல் இருப்பது நல்லது. இவை ஒவ்வாமையைக் கிளப்பிவிடக் கூடியவை. நோன்பு பிடிக்கிற பிள்ளைகளுக்கு நேரத்தை எப்படி மாற்றுவது என்று றமழானுக்கு முன்பே கேட்டுவையுங்கள்.

வாய் கடிப்பு, உதட்டில் சிறு கூச்சம் வந்தால் கொப்பியில் எழுதுங்கள். இவை எதிர்பார்த்தவை, பெரும்பாலும் தானாக அடங்கும்.

துளியை நிறுத்திவைக்க வேண்டிய நாட்கள்: காய்ச்சல், முட்டு, சத்தி வயிற்றோட்டம், வாய்ப்புண், பல் பிடுங்கிய நாள், பால்பல் விழுந்து இரத்தம் வருகிற நாள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பல நாள் தவறினால் பழைய அளவிலேயே தொடங்காமல் வைத்தியருக்கு எடுங்கள். உணவு சிக்குவதும் தொடர்ந்து வயிறு நோவதும் வந்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று, கச்சானைத் தவிர்ப்பது தொடர வேண்டும். துளி போடுகிறோம் என்பதற்காகத் திருவிழாக் கடையில் ஒரு பிடி கொடுத்துப் பார்க்கக் கூடாது. எவ்வளவு தாங்குகிறான் என்பதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

ஏழாம் படி: நடந்துவிட்டால்

குரல் கரகரத்தல், நாக்கு வீங்குதல், இழுப்பு, விடாத இருமல், திரும்பத் திரும்பச் சத்தி, பிள்ளை வெளிறிச் சோர்ந்து போதல். இவற்றில் ஒன்று வந்தாலும், தோலில் தடிப்பே இல்லாவிட்டாலும், அட்ரினலின். யோசிக்கிற நேரம் இல்லை. குத்திவிட்டு 1990 சுவசெரிய இலவச அம்புலன்சுக்கு எடுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுக் கஷ்டமானால் சாய்ந்து இருக்கட்டும். எழுப்பி நடத்தாதீர்கள், தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளம் பாதையை மூடுகிற நாட்களில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? அந்த வாரங்களில் துளியை நிறுத்தலாமா, எத்தனை அம்பூல் கூடுதலாக வைத்திருப்பது என்று மாரி தொடங்க முன் வைத்தியரிடம் பேசிவையுங்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியரிடமும் ஊசியும் தாளும் ஒரு செட் இருக்கட்டும்.

என் மகன் இன்னும் ஒரு துளியும் எடுக்கவில்லை. போன கிளினிக்கில் டொக்டர் அவனை ஊதவைத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல இந்த முட்டு மூன்று மாதம் வராம இருக்கட்டும், பிறகு கதைப்பம்" என்றார். காலையும் மாலையும் பம்ப் எடுக்கிறான். எடுத்த ஒவ்வொரு தரமும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் தானே ஒரு கோடு போடுகிறான். இன்றோடு நாற்பத்தொரு நாள்.